வியாழக்கிழமை நாலு மணி ஐந்து நிமிடம்

கறம்பக்குடி
8.7.2025

அன்புள்ள சகோதரி சந்தனமேரி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. புதுக்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கும் மோகனப்ரியா கேட்டதற்காக ஒடிந்த எலும்பு கூட வைக்கும் ஒரு மெஷினை நீங்கள் கொடுத்து அனுப்பினீர்கள் அல்லவா, அது இப்போது என் காலில்தான் இருக்கிறது. என் பெயர் அடைக்கலம். அரசுப் பள்ளியில் முப்பத்து நாலு வருடம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிப்ரவரி மாதம் ஒரு கன்றுக்குட்டிக்கு ஒதுங்கப்போய் வண்டியோடு சாய்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. ஐந்து மாதமாகியும் கூடவில்லை. எனக்குச் சர்க்கரையும் உண்டு. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், கூடாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நேற்று முதல் தடவையாக வைத்தேன். களிம்பைத் தடவி, அந்த வட்டத் தகட்டை ஒடிந்த இடத்தில் பொருத்தி, பட்டையை இறுக்கி இருபது நிமிடம். சத்தம் இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. என் மனைவி அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஓடுதா ஓடலையான்னே தெரியலையே. எவனோ டப்பாக்குள்ள பேட்டரியப் போட்டு வித்துருக்கான்" என்றாள். மனிதர் காதுக்கு எட்டாத ஒலி அது என்று சொன்னேன். "எட்டாததுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கேடு" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு சந்தேகம். எத்தனை முறை ஓடியது என்று மெஷினே எண்ணிக் காட்டுகிறது. என்னிடம் வந்தபோது 238 என்று இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வைத்தார் என்று மோகனப்ரியா சொன்னார். தடைக்காலம் அறுபத்தொரு நாள்தானே. எண்ணுவதில் கோளாறா என்று தெரிந்தால் நல்லது. தடை முடிந்த முதல் நாளே கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்பதையும் அவர் சொன்னார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி என்ற சொல் மிகவும் சிறியது.

நாலைந்து முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

அன்புடன்,
அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
14.7.2025

மதிப்பிற்குரிய சார்,

கடிதம் கிடைத்தது. நான் போன் எடுப்பதில்லை, கோபப்பட வேண்டாம். இந்த நம்பர் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். எங்கேயாவது கரையேறி யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிட்டால் லைன் காலியாக இருக்க வேண்டும். ஒரு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மெஷினில் கோளாறு இல்லை. எண்ணிக்கை சரிதான். மீதியைக் கேட்காதீர்கள்.

நீங்கள் தினமும் மாலை ஆறு மணிக்கு வைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறே காலுக்கு வைத்தீர்கள். சரியா?

இப்படிக்கு,
சந்தனமேரி


கறம்பக்குடி
19.7.2025

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை மூன்று முறை படித்தேன். வெள்ளிக்கிழமை கரண்டு ஆள் மீட்டர் பார்க்க வந்ததால் கால் மணி நேரம் தாமதம். அது என் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. மோகனப்ரியாவிடம் கேட்டேன். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்கிறார்.

பள்ளியில் ஒரு பையன் மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சரியாகச் சொன்னால், நான் அவனை மெச்சுவதற்கு முன்னால் 'எப்படிக் கண்டுபிடித்தாய்' என்றுதான் கேட்பேன். அதிர்ஷ்டத்தில் சொல்லியிருந்தாலும் அடிக்க மாட்டேன். அதே மாதிரிதான் உங்களிடமும் கேட்கிறேன். 238-லிருந்து 61 போக 177. அந்த நூற்று எழுபத்தேழு தடவை மெஷின் யாருக்கு ஓடியது? பயப்படாமல் எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
29.7.2025

சார்,

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவதை அனுப்புகிறேன்.

படகுக்கும் ஜெட்டிப் பாலத்துக்கும் நடுவில் மாட்டி அவருக்குக் கால் ஒடிந்தது. எஃகுப் பிளேட் வைத்து ஆறு ஆணி அடித்தார்கள். அப்படியும் கூடவில்லை. குவைத்தில் இருக்கும் கொழுந்தன்தான் இந்த மெஷினை அனுப்பினார். தடைக்காலம் முழுக்க மாலை ஆறு மணிக்கு வைத்தோம். தடை முடிந்ததும் கடலுக்குக் கிளம்பினார். இன்னும் ஒரு மாதம் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாசலை மறித்தேன். "வல இழுக்குறது கையிதானடி, காலா இழுக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் காலி டீசல் கேனைப் பிடித்து நீந்தி வந்துவிட்டார்கள். இவரால் காலை உதைக்க முடியவில்லை. அவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

இந்த வருடம் ஜனவரி பத்தாம் தேதி ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வந்தான். அவரோடு ஒரே படகில் போனவன். கையில் சாக்குச் சுருட்டு. "அக்கா, வலையில சேத்தோட வந்துச்சு. போலீசுக்குச் சொன்னா படகப் புடிச்சு வச்சுருவாங்கன்னு ஓனரு திரும்ப வீசச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. பிளேட்டு இருக்குக்கா. ஆறு ஆணி" என்றான். கொடுத்துவிட்டு உட்காராமல் போய்விட்டான்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு சார். பிளேட்டோடு. ஒடிந்த இடத்தில் என் நகம் நுழைந்தது.

நீங்கள் படித்தவர், சிரிக்காதீர்கள். கால் கூடாததால்தான் அவரால் வர முடியவில்லை. கூடிவிட்டால் வந்துவிடலாம் இல்லையா? அன்று மாலையே களிம்பு தடவி மெஷினை வைத்தேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஜூன் கடைசியில் நகம் நுழைந்த இடத்தில் நூல்கூட நுழையவில்லை. கூடிவிட்டது. அந்தச் சமயத்தில் மோகனப்ரியா மேடம் கேட்டார்கள். என் வேலை முடிந்தது, இனி அவர் வருவதுதான் பாக்கி என்று கொடுத்துவிட்டேன்.

ஜூலை ஏழாம் தேதி மாலை ஆறு மணிக்கு டிரங்குப் பெட்டியில் சேலை எடுக்கக் கை விட்டேன். எலும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பது போல அல்ல. தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. இருபது நிமிடம். அப்புறம் நின்றுவிட்டது. அன்று முதல் தினமும். அதனால்தான் உங்கள் நேரம் எனக்குத் தெரியும்.

மாமியாருக்குத் தெரியாது. கல்லறைத் திருநாளுக்கு மகனுக்குக் குழி இல்லையே என்று போன வருடம் யாரோ ஒருவர் கல்லறையில் மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்தார்கள்.

சந்தனமேரி


கறம்பக்குடி
5.8.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இனி அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். நான் சிரிக்கவில்லை.

மெதுவாகச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த மெஷின் எலும்பை ஒட்டும் பசை அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். வாத்தியார் பெஞ்சில் விரலால் தட்டுவார். பிள்ளைகள் நிமிர்ந்து எழுத ஆரம்பிப்பார்கள். எழுதுவது பிள்ளைகள், விரல் அல்ல. உயிருள்ள எலும்பில் அப்படிச் சின்னச் சின்ன அணுக்கள் இருக்கின்றன. தட்டினால் வேலை செய்கின்றன. ரத்தம் ஓடாத எலும்பு காலி வகுப்பு. எத்தனை நாள் தட்டினாலும் எழுத ஆள் இல்லை.

விரிசல் மூடியதற்கும் காரணம் சொல்லலாம். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோலக் கடல் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். நடுக்கத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்த ஒலி களிம்பு இல்லாமல் ஒரு நூல் அகலக் காற்றைக்கூடத் தாண்டாது. எழுபது கிலோமீட்டர் எப்படி வரும்? தினமும் ஆறு மணிக்கு அவருக்கு வைத்துப் பழகிய கை உங்களுடையது. நடுங்குவது அந்தக் கையாக இருக்கலாம்.

அந்த எலும்பைப் போலீசில் கொடுங்கள் அம்மா. மாமியாரிடம் ரத்தம் எடுத்து ஒப்பிட்டு, அவர்தான் என்று எழுதித் தருவார்கள். அப்புறம் முறையாக அடக்கம் செய்யலாம். பெற்றவள் தன் மகன் கல்லறையில் மெழுகுவத்தி வைக்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். இதை எழுதும்போது என் பேனா நின்று நின்றுதான் போகிறது. ஆனாலும் யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

அண்ணன்,
அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
13.8.2025

சார்,

வகுப்பு காலி என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? கதவைத் திறந்து பார்த்தீர்களா? கறம்பக்குடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு என் பெட்டிக்குள் இருப்பது செத்தது என்கிறீர்கள்.

என் கைதான் நடுங்குகிறது என்றால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கல்லவா நடுங்கியிருக்க வேண்டும், ஏன் ஆறே காலுக்கு நடுங்கியது?

நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். நான் எழுதி வைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பினாலும் நானே கொண்டுபோய்ப் போலீசில் கொடுத்துவிடுகிறேன். தப்பாவிட்டால் இனிமேல் அவரை இறந்துவிட்டார் என்று எழுதக் கூடாது.

சந்தனமேரி


கறம்பக்குடி
20.8.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நியாயமான பேச்சு. என் மாணவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டிருந்தால் நான் இன்னும் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

செப்டம்பர் ஒன்று திங்கள் முதல் ஏழு ஞாயிறு வரை. நேரம் என் இஷ்டம். மனைவிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். எட்டாம் தேதி இருவரும் அவரவர் பட்டியலைத் தபாலில் சேர்ப்போம். ஒருவர் கடிதம் வருவதற்குள் மற்றவர் கடிதம் போயிருக்கும். பார்த்து மாற்ற வழி இருக்காது. சோதனையில் கண்டதை யாருக்காகவும் நான் திருத்தி எழுதியதில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரிக்காகக்கூட.

அடைக்கலம்


கறம்பக்குடி
8.9.2025

தங்கச்சிக்கு,

திங்கள் காலை 7.10. செவ்வாய் பகல் 11.40. புதன் மாலை 4.25. வியாழன் வைக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். காலையிலேயே புதுக்கோட்டை கருவூலத்துக்குப் போய்விட்டேன், மெஷின் அலமாரியில் இருந்தது. வெள்ளி காலை 9.00. சனி மதியம் 2.15. ஞாயிறு மாலை 6.00.

அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
8.9.2025

சார்,

அந்த ஏழு நாளும் எலும்பைத் துணியில் சுற்றி மடியிலேயே கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். கருவாடு காயப் போடும்போதும் இருந்தது. போனில் மணி பார்த்து எழுதினேன்.

திங்கள் காலை 7.10, ஸ்கூல் வேன் போன கையோடு. செவ்வாய் 11.40. புதன் 4.25. வியாழன் 4.05. வெள்ளி காலை 9. சனி 2.15, அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஞாயிறு ஆறு மணி.

வியாழக்கிழமை மட்டும் வேறு மாதிரி இருந்தது. நடுக்கம் மெலிசாக, விட்டு விட்டு வந்தது. தகட்டைச் சரியாக அழுத்தி வைக்கத் தெரியாதவர் வைத்தது போல. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

சந்தனமேரி


கறம்பக்குடி
12.9.2025

தங்கச்சிக்கு,

இரண்டு பட்டியலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். ஆறு பொருந்துகிறது. நிமிடத்துக்கு நிமிடம். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பயம் இருக்கிறது.

ஆனால் வியாழக்கிழமை மெஷின் ஓடவில்லை. ஓடாத நேரத்தில் உங்களுக்கு நடுங்கியிருக்கிறது. தராசில் ஒரு பக்கம் எதுவுமே வைக்காதபோது முள் சாய்ந்தால், அதற்கு முன் அது காட்டிய எடையை நான் நம்ப மாட்டேன். ஒன்று தப்பினாலும் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னது நீங்கள். அந்த வாக்கைக் கேட்கிறேன்.

அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
18.9.2025

சார்,

உங்கள் பட்டியலில் 'வைக்கவில்லை' என்ற சொல்லை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் கோபம். அப்புறம் என் மேல். இல்லாததையும் என் கை கேட்கிறது என்றால், அவர் வந்து கதவைத் தட்டினாலும் அது அவர்தான் என்று நான் எப்படி நம்புவேன்?

நேற்று ஆரோக்கியதாசையும் கூட்டிக்கொண்டு கடலோரப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். மாமியாரிடம் சொன்னபோது அவர்கள் அழவில்லை. "இத்தன நாளு எங்கடி வச்சுருந்த" என்று மட்டும் கேட்டார்கள். டிரங்குப் பெட்டியைக் காட்டினேன். அதன் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டார்கள்.

சந்தனமேரி


கோட்டைப்பட்டினம்
29.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முடிவு வந்துவிட்டது. அவர்தான். பிராங்க்ளின், வயது முப்பத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அன்று காலையிலேயே அடக்கம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். பெரிய பெட்டி வேண்டாம், சின்னது போதும் என்றார் தச்சர். முழுப் பெட்டிதான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார்கள். "எம் மகன் ஆறடி" என்கிறார்கள்.

நான் தெளிவாக இருக்கிறேன். நீங்கள் அந்த வரியை எழுதாவிட்டால் நான் இன்னும் அந்தப் பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். இனி போன் செய்யலாம், எடுப்பேன்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது? அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
சந்தனமேரி


கறம்பக்குடி
31.10.2025

தங்கச்சி,

அவசரம். போலீஸ் எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் தயவுசெய்து அடக்கம் செய்யாதீர்கள். நான் தப்புச் செய்துவிட்டேன்.

நேற்று புதுக்கோட்டையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். என் எலும்பு கூடிவிட்டது, மெஷினை நிறுத்தலாம் என்றார். மோகனப்ரியாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, "தெனமும் ஒரு தடவதானே வச்சீங்க சார்?" என்று கேட்டார். ஜூலை ஏழிலிருந்து, நேற்றுக் காலை கிளம்பும் முன் வைத்ததையும் சேர்த்து, நூற்றுப் பதினாறு நாள். வியாழக்கிழமை விட்டது போக நூற்றுப் பதினைந்து. 238-ஓடு கூட்டினால் 353. மெஷினில் 354.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒன்று என் மடியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து அமுதவல்லியிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "நீங்க டிரசரிக்குப் போன அன்னிக்கு எம் முட்டியில வச்சுப் பாத்தேன். ஒங்க காலு மட்டுந்தான் காலு, எம் முட்டி என்ன கல்லா? நாலு மணி சீரியல் போட்டவொடனே வச்சேன். பட்டைய இறுக்கத் தெரியாம நழுவிக்கிட்டே இருந்துச்சு."

வியாழக்கிழமை. நாலு மணி ஐந்து நிமிடம்.

உங்கள் கை தப்பவில்லை. ஏழும் சரி. தப்பியது என் பட்டியல். வகுப்பு காலி என்று கதவைத் திறக்காமலேயே சொன்னவன் நான். எது என்னவென்று விளங்கும் வரை அதை மண்ணுக்குள் வைக்காதீர்கள்.

அடைக்கலம்


கறம்பக்குடி
3.11.2025

தங்கச்சிக்கு,

உங்கள் 29-ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அடக்கம் நேற்றே முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நான் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். இதற்கு முன்பே வந்திருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். இனிமேல்தான் வரும் என்றால், வந்ததும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். போனில் சொல்லலாம் என்று இன்று கூப்பிட்டேன். உங்கள் மாமியார் எடுத்தார்கள். மகனுக்கு மெழுகுவத்தி வைத்ததைப் பத்து நிமிடம் சொன்னார்கள், எத்தனை வத்தி, எவ்வளவு நேரம் எரிந்தது என்று. அவர் குரலைக் கேட்ட பிறகு வேறெதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
13.11.2025

அண்ணனுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைக் கடிதம் மேலே இருந்தது.

அண்ணியின் மேல் கோபம் இல்லை. முட்டி வலிக்கு வைத்ததில் என்ன தப்பு? உங்கள் மேல்கூட இல்லை. ஆனால் படித்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். மண்ணில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஐந்து நாள் ஒன்றும் இல்லை. நேற்று மாலை ஐந்து இருபதுக்கு இருந்தது. ஆறடி மண்ணுக்கு மேலேயும் தெரிந்தது, அண்ணா. இருபது நிமிடம். முன்னைவிடப் பலமாக.

பக்கத்தில் மாமியார் இருந்தார்கள். அவர்களை மண்ணைத் தொட விடாமல் கூட்டிவந்துவிட்டேன். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

நேற்று ஐந்து இருபதுக்கு அந்த மெஷினை யாராவது வைத்தீர்களா? வைத்தோம் என்று சொல்லுங்கள், நான் நிம்மதியாக இருந்துவிடுவேன். உள்ளே இருப்பது அவர் இல்லை, மெஷின்தான் என்று இருந்துவிடுவேன். இல்லாவிட்டால் நான் குழியைத் தோண்டச் சொல்ல வேண்டும். மாமியாரிடம் எந்த வாயால் சொல்வேன்?

சந்தனமேரி


கறம்பக்குடி
18.11.2025

தங்கச்சிக்கு,

வைத்தோம் என்று எழுதி, மடித்து, உறையில் போட்டும்விட்டேன். அமுதவல்லி பசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொய் எழுதுனா ஒங்க கையெழுத்தே கோணலா இருக்கும்" என்றாள். கிழித்துவிட்டேன்.

யாரும் வைக்கவில்லை. மோகனப்ரியாவிடம் விசாரித்தேன். 30-ஆம் தேதி வாங்கியதும் பேட்டரியைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அவரே போய்த் திறந்து பார்த்துச் சொன்னார். 354-தான்.

எதையும் தோண்டச் சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஒருவர் மட்டும் கண்டது சோதனை ஆகாது, இன்னொரு ஆள் பார்க்க வேண்டும். எலும்பு கூடிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறேன். சனிக்கிழமை ஆலங்குடி, அறந்தாங்கி என்று இரண்டு பஸ் மாறி அமுதவல்லியும் நானும் வருகிறோம். ஐந்து மணிக்குள் வந்துவிடுவோம். என் கையையும் அந்த மண்ணில் வைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். அதன்பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அடைக்கலம்


கோட்டைப்பட்டினம்
26.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணிக்குக் கொடுத்த நெத்திலியை வெயிலில் ஒரு தரம் காட்டச் சொல்லுங்கள்.

உங்களால் முழங்காலை மடக்க முடியவில்லை. அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தீர்கள். கையை மண்ணில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் மணி பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி, "என்னங்க, எதும் தெரியுதா?" என்றார்கள். நீங்கள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. திடீரென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்தீர்கள். துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். மண் காய்ந்த மணல் அண்ணா, கையில் ஒட்டவே இல்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றீர்கள். இரண்டாவது தடவையும் சொன்னீர்கள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

சோதனையில் கண்டதை யாருக்காகவும் திருத்தியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பஸ் ஏறும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்காக வருத்தப்படாதீர்கள். நீங்கள் சொன்னதையே நான் எடுத்துக்கொண்டேன். முடிவு செய்யச் சொன்னீர்கள், செய்துவிட்டேன். அடக்கத்தன்று சிலுவையில் பெயர் மட்டும் எழுதச் சொல்லி, தேதிக்கு இடம் விட்டிருந்தேன். திங்கட்கிழமை பெயிண்டரைக் கூப்பிட்டு 15.6.2024 என்று எழுதச் சொல்லிவிட்டேன். அவர் எழுதி முடிக்கும் வரை நான் மண்ணைத் தொடாமல் தள்ளி நின்றேன். இனியும் தொட மாட்டேன். நீங்களும் வந்தால் வீட்டுக்கு மட்டும் வாருங்கள்.

தோட்டத்தில் மேயும் ஆடுகள் மாலையில் எல்லாக் கல்லறை மேலும் ஏறிப் போகின்றன. அவருடையதை மட்டும் சுற்றிப் போகின்றன. புது மண், புல் முளைக்கவில்லை, அதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கை,
சந்தனமேரி